மாராவின் ஆகஸ்டு: யார் குறித்த முகூர்த்தம்?

கென்யாவில் காட்டு விலங்குகளைப் பார்க்க எந்த மாதம் தோது என்று எந்தச் சுற்றுலா நிறுவனத்தைக் கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் இருக்கும்: ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, அதிலும் குறிப்பாக ஆகஸ்டு. மாசாய் மாரா காப்பகத்தில் ஆற்றங்கரையோரம் ஆயிரக்கணக்கான வைல்டுபீஸ்ட் இரலைகள் தயங்கி நிற்கும். ஒன்று குதித்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே பாயும். தண்ணீருக்குள் முதலைகள் காத்துக் கிடக்கும். இந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. பார்க்கும்போதே, ஆதிகாலம் தொட்டு ஆண்டு தவறாமல் இது இப்படித்தான் நடந்துவருகிறது என்ற நம்பிக்கையும் மனதில் உட்கார்ந்துவிடும்.

1950களில் ஒருவர் இதே ஆகஸ்டில் இதே கரைக்குப் போய் நின்றிருந்தால் ஏமாந்து திரும்பியிருப்பார். அன்றைய மாராவில் பெரும்பகுதி புதர்க்காடு. தெற்கே தான்சானியாவில் உள்ள செரங்கெட்டி மந்தைகளின் எண்ணிக்கை இன்றைய அளவில் சிறு பங்குதான். வறண்ட மாதங்களில் அவை எல்லை தாண்டி இவ்வளவு வடக்கே திரண்டு வரும் வழக்கமும் அப்போது இல்லை. உலகமே மொய்க்கும் இந்த ஆகஸ்டு சீசனுக்கு இன்னும் அறுபது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன்பு வேறு நல்ல மாதங்கள் இருந்தன. அவற்றைக் குறித்தவர்களும் வேறு ஆட்கள்: சுமை தூக்கியவர்கள், துப்பாக்கி தூக்கியவர்கள், கால்நடை மருத்துவர்கள், எல்லைக் கதவை இழுத்துச் சாத்திய அரசுகள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மழைக் கணக்கு. நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்த நாடுகளில் ஆண்டை வெயிலும் குளிரும் பிரிப்பதில்லை, மழைதான் பிரிக்கிறது. மார்ச்சிலிருந்து மே வரை கொட்டும் நீண்ட மழையைச் சுவாஹிலி பேசுபவர்கள் மசிகா என்பார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்வது வுலி. இடையில் இரண்டு வறண்ட காலங்கள் வரும். ஜனவரி, பிப்ரவரியை ஒட்டிய வறட்சி குட்டையானது, சூடானது. ஜூன் முதல் அக்டோபர் வரையிலானது நீளமானது, குளுமையானது. தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடிக்கும் அதே வாரங்களில்தான் அங்கே வுலியும் பெய்கிறது. சூரியனைத் தொடர்ந்து தெற்கே நகரும் ஒரே மழைப்பட்டைதான் இரண்டுக்கும் காரணம். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகிப்போன 1961, 1997, 2019 ஆண்டுகளில் வுலி பெருவெள்ளமாக மாறியது.

மழையைவிட அதில் நனையும் மண் பெரிய வில்லன். நைரோபிக்குத் தெற்கே உள்ள அத்தி சமவெளியிலும் மாராவின் பல பகுதிகளிலும் கிடப்பது கரிசல். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மழை நாளில் கரிசல் காட்டைத் தாண்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. செருப்பை விட்டுவிட்டுத்தான் கால் வெளியே வரும். வண்டிச் சக்கரமானால் முழுசாக உள்ளே போய்விடும்.

ஆனால் மண்ணைப் பற்றிய இந்தக் கவலை வண்டிகள் வந்த பிறகுதான் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டுப் பயணம் என்றால் கால்நடைப் பயணம்தான். பாகமோயோ துறைமுகத்திலிருந்து தபோரா வழியாகத் தாங்கன்யிகா ஏரிக்கரையின் உஜிஜி வரை போன பாதையில் மாட்டு வண்டி ஓடவில்லை, குதிரை நிலைக்கவில்லை. செட்சீ ஈ கடித்தால் மாடும் குதிரையும் செத்துப்போகும். ஆகவே உள்ளே போன துணியும் பாசிமணியும், வெளியே வந்த யானைத் தந்தமும் மனிதர்களின் தலையிலும் தோளிலுமே பயணம் செய்தன. ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 30 கிலோ சுமை.

அந்த வேலையில் பெயரெடுத்தவர்கள் தபோரா வட்டாரத்து நியாம்வேசி மக்கள். அவர்கள் அடிப்படையில் விவசாயிகள். அறுவடை முடிந்து மசிகா ஓய்ந்ததும் மே மாத வாக்கில் கடற்கரைக்கு இறங்குவார்கள். நவம்பரில் விதைப்பு மழை தொடங்கும் முன்பு ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. விதைப்புக் காலத்தில் எவ்வளவு கூலி சொன்னாலும் ஆள் கிடைப்பது கஷ்டம். முதலாளிக்கு அவசரம் என்றால் அது முதலாளியின் பாடு. ரிச்சர்ட் பர்ட்டனும் ஜான் ஹானிங் ஸ்பீக்கும் 1857 ஜூனில் கடற்கரையை விட்டுக் கிளம்பி, நவம்பரில் தபோரா அருகே கசேவை அடைந்து, 1858 பிப்ரவரியில் ஏரியைக் கண்டார்கள். ஐரோப்பியப் புத்தகங்களில் அது அவர்களுடைய பயணம். அது நடந்த தேதிகளைப் பார்த்தால் சுமைகாரர்களின் பஞ்சாங்கம் தெரிகிறது.

கடல் பக்கமும் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வீசும் கஸ்காசி காற்று கட்சு, ஓமான் பாய்மரக் கப்பல்களைச் சான்சிபாருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஏப்ரலில் திரும்பும் குசி காற்று அவற்றை ஊருக்கு அனுப்பிவைக்கும். தந்த வியாபாரத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் கட்சிலிருந்து போன வணிகர்கள் முக்கியமானவர்கள். தந்தம் எப்போது கடற்கரைக்கு வர வேண்டும் என்பதை அவர்களுடைய கப்பல்கள் பார்த்துக்கொண்டன.

ரயில் வந்து இந்த இரண்டையும் குலைத்தது. மொம்பாசாவில் 1896இல் தொடங்கிய உகாண்டா ரயில்பாதை 1901இல் விக்டோரியா ஏரியைத் தொட்டது. இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாப் பக்கமிருந்து, ஏறக்குறைய 32,000 தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டார்கள். பாதையோரச் சதுப்பில் 1899இல் முளைத்த ரயில்வே முகாம்தான் நைரோபி. மாதக்கணக்கில் நடந்து சேர வேண்டிய இடத்துக்கு ரயிலில் ஓரிரு நாளில் போய்விடலாம் என்றானதும் பணக்கார வேட்டைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். நியூலேண்ட், டார்ல்டன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் கூடாரம், சுமைகாரர்கள், சமையல்காரர், வழிகாட்டி எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழிலை நைரோபியில் நடத்தினார்கள். வெளியூர் வேட்டைக்காரரின் உரிமம் 50 பவுன், அதாவது 750 ரூபாய். 1920 வரை அந்த நாட்டில் புழங்கியது இந்திய ரூபாய்தான். எத்தனை காண்டாமிருகம், எத்தனை எருமை என்று உரிமத்தில் வரம்பு இருந்தது. சிங்கத்துக்கு வரம்பில்லை. ஆடு மாடுகளைத் தின்னும் தொல்லையாகவே அதைக் கருதினார்கள்.

அந்தக் காலத்தின் மிகப் புகழ்பெற்ற பயணம், இன்றைய சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் தவிர்க்கச் சொல்லும் மாதத்தில் தொடங்கியது. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து தியோடர் ரூஸ்வெல்ட் விலகிய நாள் 1909 மார்ச் 4. மார்ச் 23இல் நியூயார்க்கில் கப்பலேறி, ஏப்ரல் 21இல் மொம்பாசாவில் இறங்கினார். மசிகாவின் நடு மையம். அந்தத் தேதியைத் தீர்மானித்தது வாஷிங்டன் அரசியல். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக மாதிரிகள் சேகரிப்பது பயணத்தின் நோக்கமாக அறிவிக்கப்பட்டிருந்ததால் மூன்று இயற்கையியலாளர்களும் தோல் பதப்படுத்த நான்கு டன் உப்பும் கூடவே போயின. சுமைகாரர்கள் இருநூறுக்கும் மேல். ரயில் இன்ஜினின் முன்புறப் பலகையில் உட்கார்ந்தபடி இருபுறமும் மேயும் மந்தைகளைப் பார்த்துக்கொண்டு போனார் ரூஸ்வெல்ட். அவரும் மகன் கெர்மிட்டும் சுட்ட பெரிய விலங்குகள் மட்டும் 512.

மழை மாதத்தில் தொடங்கியதால் அவருக்குக் குறையொன்றும் ஏற்படவில்லை. பயணம் 1910 மார்ச்சில் சூடானின் கார்ட்டூமில் முடிந்தது. ஏறத்தாழ ஒரு வருஷம் கையில் இருப்பவர் எந்த மாதம் புறப்பட்டால் என்ன? இரண்டு மழையும் இரண்டு வறட்சியும் அவர் பாதையில் தாமாகவே வந்து போகும். சீசன் என்ற கவலை விடுமுறை சுருங்கச் சுருங்கத்தான் வளர்ந்தது. ஐந்து நாள் லீவில் வருபவருக்குத்தான் எந்த ஐந்து நாள் என்பது உயிர்ப் பிரச்சினை.

1920களில் லாரியும் காரும் சுமைகாரர்களின் இடத்தைப் பிடித்தபோது மழைக்கு இருந்த அதிகாரம் இன்னும் கூடியது. இருநூறு பேர் நடந்தே கடந்த கரிசலில் இரண்டு டன் லாரி நகராது. வேகத்தைக் கொடுத்த எந்திரம் ஆண்டின் நான்கைந்து மாதங்களைப் பிடுங்கிக்கொண்டது. ஐரோப்பியக் குளிருக்குத் தப்பி வந்த சீமான்களுக்கு வுலிக்கும் மசிகாவுக்கும் இடைப்பட்ட ஜனவரி, பிப்ரவரி வசதியாக இருந்தது. எர்னஸ்ட் ஹெமிங்வே 1933 டிசம்பரில் மொம்பாசாவில் இறங்கினார். நடுவில் சீதபேதி கண்டு விமானத்தில் நைரோபிக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, தேறி, மறுபடி காட்டுக்குத் திரும்பினார். மசிகா தொடங்கினால் சாலைகள் மூடிக்கொள்ளும், அதற்குள் ஒரு நல்ல குடு இரலையைச் சுட்டாக வேண்டும் என்ற பதற்றம்தான் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் 1935இல் வெளியிட்ட புத்தகத்தை இழுத்துச் செல்கிறது. மழை அதில் கிட்டத்தட்ட ஒரு பாத்திரம்.

வேட்டைக்காரர்களுக்கு வறட்சி பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்குப் பிறகு புல் ஆளுயரம் வளர்ந்து விலங்கை மறைத்துவிடும். குட்டைகள் எங்கும் நிறைந்திருப்பதால் விலங்குகளும் சிதறிவிடும். வறட்சியில் புல் படுத்துவிடும், மிஞ்சிய நீர்நிலைக்கு எல்லாம் வந்தே ஆகவேண்டும், அங்கே காத்திருந்தால் போதும். பின்னால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தவர்களும் இந்த விதியை அப்படியே சுவீகரித்துக்கொண்டார்கள். இன்றைய சுற்றுலாக் கையேட்டில் ஜூன் முதல் அக்டோபர் வரை உகந்தது என்று எழுதியிருப்பது, குறி வைக்க வாகான மாதங்கள் பற்றிய பழைய வேட்டைக்காரர் அறிவுதான். புகைப்படக்காரர்கள் வேறு மாதிரி யோசித்திருக்கலாம். தூசு மண்டிய பழுப்பு ஆகஸ்டைவிட, பச்சைப் புல்லும் கழுவிவிட்ட வானமும் உள்ள பிப்ரவரி எத்தனையோ மேல்.

தெற்கே கதை வேறு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்கா 1927இல் முதல் கார்களை உள்ளே விட்டது. அங்கே மழை கோடையில் வரும், கூடவே மலேரியாவும் வரும். அதனால் ஆரம்ப காலத்தில் பூங்காவின் பெரும்பகுதியைக் கோடை மாதங்களில் மூடிவைத்தார்கள். போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ வடிநிலத்தில் எல்லாமே தலைகீழ். அங்கோலா மேட்டு நிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து, உள்ளூர் வறட்சி உச்சத்தை நெருங்கும் ஜூன், ஜூலையில் வந்து சேரும். வானத்தில் மேகமே இல்லாதபோது வெள்ளம். ஆப்பிரிக்கா முழுமைக்கும் ஒரே நல்ல மாதம் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

மறுபடி செரங்கெட்டிக்கு. 1951இல் தேசியப் பூங்காவான அந்த நிலத்தைக் கூறுபோட்டு, கிழக்குப் பகுதியை விலக்கிவிடப் பிரிட்டிஷ் நிர்வாகம் திட்டமிட்டது. மந்தைகள் எந்த மாதம் எங்கே இருக்கின்றன என்பதே யாருக்கும் சரியாகத் தெரியாத நிலையில் எல்லைக்கோடு போடப் பார்த்தார்கள். பிராங்க்பர்ட் விலங்குக் காட்சிசாலையின் தலைவர் பெர்ன்ஹார்ட் கிர்ஸிமெக்கும் மகன் மிகாயேலும் வரிக்குதிரைக் கோடு தீட்டிய டோர்னியர் விமானம் ஒன்றைத் தாங்களே ஜெர்மனியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 1958இல் வானத்திலிருந்து எண்ணினார்கள். வைல்டுபீஸ்ட் 99,000 சொச்சம் என்று கணக்கு வந்தது. மழைக்காலத்தில் மந்தைகள் உத்தேச எல்லைக்கு வெளியேதான் மேய்கின்றன என்பதும் தெரிந்தது. 1959 ஜனவரி 10 அன்று விமானத்தில் ஒரு பிணந்தின்னிக் கழுகு மோத, மிகாயேல் இறந்துபோனார். அவர்கள் எடுத்திருந்த ஆவணப்படம் 1960இல் ஆஸ்கர் விருது பெற்றது. எல்லையோ திட்டப்படியே மாறியது. கோரோங்கோரோ தனிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. செரங்கெட்டிக்குள் தலைமுறைகளாக மாடு மேய்த்த மாசாய் குடும்பங்கள் பூங்காவை விட்டு வெளியேற்றப்பட்டன. மனிதர் வாழாத நிலமாகச் செரங்கெட்டியை உலகம் பார்க்கப் பழகியது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கணக்கெடுப்பும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளும் மந்தையின் சொந்தப் பஞ்சாங்கத்தை வெளியே கொண்டுவந்தன. செரங்கெட்டியின் தென்கிழக்குச் சமவெளியில் ஆண்டு மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். வடக்கே மாரா பக்கம் போகப் போக அது 1,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மழை குறைந்த தெற்கில்தான் சத்து அதிகம். கோரோங்கோரோ மலைத்தொடரின் எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைக்கும் குட்டைப் புல்லில் சுண்ணாம்பும் பாஸ்பரசும் ஏராளம், பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டும் தேவை. ஆகவே டிசம்பரில் வுலி நனைத்ததும் மந்தை தெற்கே இறங்கி, பிப்ரவரியில் மூன்றே வாரத்துக்குள் பெரும்பாலான குட்டிகளைப் போட்டுவிடுகிறது. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் பிறந்தால் சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனையைத்தான் தின்ன முடியும்? ஆனால் அந்தச் சமவெளியில் நிரந்தர நீர் கிடையாது. மே முடிவில் குட்டைகள் வற்ற, மந்தை வடமேற்கே நகர்கிறது. ஜூலை, ஆகஸ்டில் நீருள்ள வடக்கு. நவம்பரில் தென்திசையில் மேகம் இருண்டதும் திரும்பிவிடும். மேகம் ஒரு மாதம் முந்தினால் மந்தையும் முந்தும், பிந்தினால் பிந்தும்.

இந்தச் சுற்றில் மாராவுக்குப் பெரிய பங்கு கிடைத்தது ஒரு மாட்டு நோயின் கதையோடு பின்னியது. வெக்கை நோய் தமிழ்நாட்டு மாட்டுக்காரர்களுக்கு அந்நியமானதல்ல. 1880களின் இறுதியில் எரித்திரியாவின் மசாவா துறைமுகத்தில் இத்தாலியப் படைக்காக இறக்கிய மாடுகளோடு இந்த நோய் அந்தப் பகுதிக்கு வந்ததாக வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதற்கு எதிர்ப்பு சக்தியே இல்லாத கண்டத்தை அது பத்தாண்டில் வடக்கிலிருந்து தெற்குவரை உழுதது. மாடுகளில் பத்தில் ஒன்பது செத்த பகுதிகள் உண்டு. மாடே வாழ்வாக இருந்த மாசாய் மக்கள் பட்டினியில் மடிந்தார்கள். 1892இல் அந்த வழியே போன ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பௌமன் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களைப் பற்றி எழுதிவைத்தார். வைல்டுபீஸ்டும் எருமையும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன.

மேய மாடும் இல்லை, புல்லைக் கொளுத்தி மேய்ச்சல் நிலத்தைத் திறந்துவைக்க ஆளும் இல்லை. புதர் மண்டியது. புதரோடு செட்சீ ஈ வந்தது. ஈ வந்த இடத்துக்கு மாசாய் மக்கள் மாட்டோடு திரும்ப முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே வந்த வேட்டைக்காரர்கள் கன்னி நிலம் என்று வியந்தது உண்மையில் ஒரு கொள்ளைநோய் காலி செய்துவிட்டுப் போன நிலம்.

நோய் அத்தோடு விடவில்லை. பசு மந்தைகளில் தங்கிக்கொண்டு ஆண்டுதோறும் வைல்டுபீஸ்ட் குட்டிகளைக் கொன்றபடியே இருந்தது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பு சக்தி தீர்ந்ததும் குட்டிகள் விழும். 1950களில் செரங்கெட்டியைச் சுற்றியுள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். நைரோபிக்கு அருகே முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளவ்ரைட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் மலிவான, பத்திரமான திசு வளர்ப்புத் தடுப்பூசியை உருவாக்கினார். காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூட யாரும் ஊசி போடவில்லை. மாடுகளில் நோய் நின்றதும் 1963வாக்கில் வைல்டுபீஸ்ட்களிடமும் அது மறைந்துபோனது. 1961இல் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த மந்தை 1977இல் 13 லட்சத்தை எட்டியது. 1970களின் முற்பாதியில் வறண்ட மாதங்களிலும் நல்ல மழை பெய்து புல்லைக் கொடுத்தது அதற்குக் கைகொடுத்தது. பிளவ்ரைட்டின் தடுப்பூசியை ஆயுதமாகக் கொண்டு நடந்த உலகப் போராட்டம் 2011இல் முடிந்தது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் அடியோடு ஒழித்த நோய் வெக்கைதான்.

பெருத்த மந்தைக்குத் தெற்கு மட்டும் போதவில்லை. அதே காலத்தில் மாராவின் புதர்க்காட்டைத் தீயும் யானைகளும் சேர்ந்து அழித்துத் திறந்த புல்வெளியாக்கியிருந்தன. 1960களின் இறுதியிலிருந்து செரங்கெட்டி மந்தைகள் வறட்சிக் காலத்தில் பெருந்திரளாக மாராவுக்குள் வழியத் தொடங்கின. 1961இல் காப்பகமான மாராவுக்குத் தானாகவே ஒரு ஆகஸ்டு கிடைத்தது. கிர்ஸிமெக் படத்தில் ஒளிப்பதிவாளராக இருந்த ஆலன் ரூட்டும் அவர் மனைவி ஜோனும் 1974இல் வைல்டுபீஸ்ட்களின் ஓராண்டைப் படமாக எடுத்தபோது உலகம் அந்தக் கூட்டத்தைக் கண்டது.

இனி மிச்சமிருந்தது வியாபார ஏற்பாடு. அதை அரசியல் செய்து கொடுத்தது. 1977க்கு முன்பு நைரோபியில் வண்டி ஏறும் பயணி அம்போசெலி, கோரோங்கோரோ, செரங்கெட்டி, மாரா என்று வட்டமடித்து மறுபடி நைரோபியில் இறங்குவார். பார்ப்பது தான்சானியாவின் விலங்கை, பணம் தங்குவது கென்யாவில். தான்சானியாவுக்கு இது நெடுநாள் கசப்பு. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற கூட்டமைப்பு உடையும் தறுவாயில், 1977 பிப்ரவரியில் ஜூலியஸ் நியரேரேயின் அரசு எல்லையை மூடியது. அங்கே இருந்த கென்ய நிறுவனங்களின் வண்டிகள் பறிமுதலாயின. எல்லை 1983இல்தான் திறந்தது. மாராவையும் செரங்கெட்டியையும் இணைத்த மணல் ஆற்றுச் சாவடி சாதாரணச் சுற்றுலாப் பயணிகளுக்கு அப்புறம் திறக்கவேயில்லை.

எல்லை மூடிய கையோடு, 1977 மே மாதத்தில், கென்யா வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கிக்காரர்களுக்கு வழிகாட்டிப் பிழைத்தவர்கள் கேமராக்காரர்களுக்கு வழிகாட்டத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்ததோ மந்தையின் ஆண்டுச் சுற்றில் வடக்குத் துண்டு மட்டும்தான். பிப்ரவரியில் குட்டி போடும் சமவெளி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. விற்க முடிந்ததை விற்றார்கள்: ஜூலை முதல் அக்டோபர் வரை, ஆற்றைக் கடக்கும் காட்சி. ஐரோப்பா, அமெரிக்காவில் பள்ளி விடுமுறையும் ஜூலை, ஆகஸ்டில்தான் விழுகிறது. மந்தை, சாலை, பள்ளிக்கூடம் மூன்றும் ஒரே மாதத்தில் வந்து நின்றது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலுக்கு இன்று விலைப்பட்டியல் இருக்கிறது.

இந்தச் சந்தையில் சத்தமில்லாமல் தோற்ற இன்னொரு மந்தையும் உண்டு. மாராவுக்கு வடகிழக்கே லோய்த்தா சமவெளியில் கென்யாவுக்கே உரிய வைல்டுபீஸ்ட் கூட்டம் ஒன்று மழைக்காலத்தில் குட்டி போட்டுவந்தது. வறட்சியில் மாராவுக்குள் வரும். கோதுமைப் பண்ணைகள் அந்தச் சமவெளியை விழுங்க, 1977இல் 1,19,000 ஆக இருந்த கூட்டம் 1997இல் 22,000 ஆகக் குறைந்தது. ஆகஸ்டில் மாராவுக்கு வருபவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. அவர்கள் பார்க்கும் லட்சங்கள் தெற்கிலிருந்து வந்தவை.

பிற மாதங்களை விற்கவும் முயற்சிகள் நடக்கின்றன. பிப்ரவரிக் குட்டிகளைப் பார்க்க ந்துத்து ஏரிப் பக்கம் தான்சானியா முகாம்கள் போட்டிருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஐரோப்பாவிலிருந்து வலசை வந்த பறவைகள் அங்கே தங்கியிருப்பதால் பறவை பார்ப்பவர்களுக்கு அதுதான் சீசன். ஏப்ரல், மே மாதங்களுக்குப் பசுமைக் காலம் என்று பெயர் சூட்டிக் கட்டணத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். பல முகாம்கள் அப்போது மூடியே கிடக்கின்றன. 2024 மே முதல் நாள் தாலெக் ஆறு கரை உடைத்து மாராவின் முகாம்களுக்குள் புகுந்தபோது, கூடாரங்களில் இருந்தவர்களை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் நிலைமை நேர்மாறு. 2020 கடைசியிலிருந்து ஐந்து மழைக்காலங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. 2022 பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் இடையில் மட்டும் 205 யானைகள் செத்ததாகக் கென்ய அரசு கணக்குக் கொடுத்தது. வறண்ட மாதம் நல்ல மாதம் என்ற பழைய விதி கென்யாவின் அம்போசெலி பூங்காவில் அந்த ஆண்டு பலிக்கவில்லை. போனவர்கள் புழுதியில் கிடந்த பிணங்களைப் படம் பிடித்துத் திரும்பினார்கள்.

மாராவை நிர்வகிக்கும் நரோக் மாவட்ட அரசு 2024இல் கட்டணத்தை இரண்டாகப் பிரித்தது. வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். சீட்டு செல்லுபடியாவது காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. வுலியின் முதல் மேகம் தெற்கே தெரிந்ததும், வழக்கமாக நவம்பரில், மந்தைகள் எல்லையைத் தாண்டிப் போய்விடுகின்றன. 200 டாலர் டிசம்பர் 31 வரை தொடர்கிறது.